புள்ளி விழாத தண்ணீர்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் ஒரு பாடவேளை என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். காரைக் கழுவும் தண்ணீரைப் பற்றிய பதிவு. "டீச்சருக்கு ரிட்டயர் ஆனதும் பொழுது போகவில்லை போலிருக்கிறது" என்று சிரிக்காதீர்கள். இதில் நம் ஊர்த் தண்ணீரின் வரலாறு இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கறுப்பு நிறக் காரில் வந்தான். பார்த்தால் கண்ணாடி போல மின்னியது.

"எப்படிடா ஒரு புள்ளிகூட இல்லாமல் வைத்திருக்கிறாய்? நம் பட்டினப்பாக்கத்தில் ஸ்டீல் டம்ளரில்கூட வெள்ளை படிகிறதே?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்க டீச்சர்" என்று சொல்லிப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தான். டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று, மின்சாரம் பாய்வதை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லும். எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரில் வைத்தான்: 1,620. மெட்ரோ தண்ணீரில்: 410. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில்: 45. கடைசியாகத் தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில்: 0.

பிறகு நான்கு தண்ணீரிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, வெயிலில் நின்ற காரின் பானெட்டில் வரிசையாக வைத்தான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தோம். முதல் சொட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பால் வரைந்தது போல வெள்ளை வட்டம். இரண்டாவதில் மங்கலான வட்டம். மூன்றாவது, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நான்காவது சொட்டு எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குச் சட்டென்று 1994 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் என் வீட்டுக்காரர் பழைய ப்ரீமியர் பத்மினி கார் ஒன்று வாங்கினார். கருநீலம். அதைத் துடைக்கச் சீனிவாசபுரத்திலிருந்து ஒருவர் வருவார். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, எங்கள் பிளாக்கில் ஆறேழு வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போவார். அவருடைய மகன்தான் இப்போது சொன்னேனே, அந்த மாணவன். சில நாள் அப்பாவுக்கு வாளி தூக்க வருவான்.

எவ்வளவு துடைத்தாலும் ஏழு மணி வெயில் பட்டதும் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி தெரியும். நான் அவரைக் கூப்பிட்டு, "துணியை அலசிப் போடுவதே இல்லையா? அழுக்குத் துணியில் துடைத்தால் இப்படித்தான் இருக்கும்" என்று சத்தம் போட்டேன். மகன் பக்கத்தில் நிற்கிறான் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார்: "துணி சுத்தம்தான் டீச்சரம்மா. தண்ணி உப்பு. பேட்டரிக்கு ஊத்துறோமே, அந்த மாதிரி தண்ணியில கடைசியா ஒருவாட்டி ஊத்தினா இந்தப் பொட்டு விழாது."

நான் சிரித்தேன். "கார் கழுவ டிஸ்டில்டு வாட்டரா? சாக்குப்போக்கு சொல்லாதே" என்றேன். அடுத்த மாதம் அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்தோம். புள்ளி போகவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அறிவியல் பாடம் நடத்திய நான் சொன்னது தவறு. வாளி தூக்கியவர் சொன்னது சரி. ஏன் சரி என்பதைத்தான் இப்போது விளக்கப் போகிறேன்.

முதலில் கணக்கு. நன்றாகக் கழுவி முடித்த காரின் மேல் கால் லிட்டர் தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1,620 மில்லிகிராம் உப்பு என்றால், கால் லிட்டரில் சுமார் 400 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு ஆவியாகாது. அந்தச் சிட்டிகை உப்பு ஆயிரக்கணக்கான புள்ளிகளாகக் காரின் மேலேயே உட்கார்ந்துவிடும். மெட்ரோ தண்ணீர் என்றால் 100 மில்லிகிராம். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் 11 மில்லிகிராம். பூஜ்யம் என்றால் பூஜ்யம்.

இதில் சாதாரண உப்பு மட்டும் இருந்தால் மறுபடி தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கால்சியம்தான் தொல்லை. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, காயும்போது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிவாக மாறிவிடுகிறது. அது திரும்பத் தண்ணீரில் கரையாது. துணியால் அழுத்தித் தேய்த்தால் பெயின்டில்தான் கீறல் விழும். வினிகர் கலந்த தண்ணீரால் மெதுவாகத் துடைத்து உடனே அலசினால் போகும்.

புள்ளி ஏன் வட்டமாக, ஓரத்தில் மட்டும் அழுத்தமாக இருக்கிறது என்று என் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காபி சிந்திய கறையை வைத்தே இதற்கு விடை சொன்னார்கள். சொட்டின் விளிம்பு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தன்னிடம் இருப்பதையும் சுமந்துகொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. காபி சிந்திக் காய்ந்த வட்டமும் காரின் மேல் விழும் வட்டமும் அக்கா தங்கைகள்.

அடுத்து, நம் பட்டினப்பாக்கத்துத் தண்ணீர் ஏன் இப்படி?

கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் இறங்கி, கடலிலிருந்து வரும் உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புநீர் கனம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே இதற்குக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். நாம் மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறி வரும். மணலில் கையால் பள்ளம் தோண்டி ஊற்று நீர் எடுத்தவரை குப்பத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்தது. அடுக்குமாடிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தபின் உப்பு மேலே வந்துவிட்டது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்த கதையும் இதுதான்.

தண்ணீரின் குணம் பார்த்துத் துவைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னைப் பட்டணம் வளர்ந்ததே பருத்தித் துணி வியாபாரத்தால். கப்பலில் ஏற்றும் முன் துணியைத் துவைத்து வெளுக்க வேண்டும். அந்த வேலை செய்தவர்கள் குடியமர்ந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டை உருவானபோதும் நெய்பவர்களோடு துணி வெளுப்பவர்களும் அங்கே குடியேறினார்கள். நம் அடையாற்றுப் பக்கம் வண்ணாந்துறை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சோப்பு நுரைக்காத தண்ணீரில் துணி வெளுக்காது என்பதை எந்த மீட்டரும் இல்லாமல் கண்டுகொண்டவர்கள் அவர்கள். பருப்பு வேகாத தண்ணீரை நம் பாட்டிமார் ஒதுக்கியதும், மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடித்ததும் அதே அறிவுதான்.

நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த வரலாறும் நீண்டது. 1772-ல் ஏழு கிணறு திட்டம். கோட்டைக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போனது. 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வழியாக நகரத்துக்கு வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். 1978-ல் மெட்ரோ வாட்டர் வாரியம். 1996-ல் கிருஷ்ணா நீர், 2004-ல் வீராணம் நீர். இவை எல்லாமே வேறு இடத்துத் தண்ணீரை இங்கே கொண்டுவரும் முயற்சிகள். தண்ணீரில் இருக்கும் உப்பையே பிரித்தெடுக்கும் வழி வேறு ஒரு பாதையில் வந்தது.

பழைய வழி, காய்ச்சி வடிப்பது. கொதிக்க வைத்து ஆவியைக் குளிர வைத்தால் உப்பு பாத்திரத்தில் தங்கிவிடும். எரிபொருள் செலவு அதிகம். அதனால் ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கார் பேட்டரிக்கும் மட்டும்தான் அந்தத் தண்ணீர். பேட்டரியில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் கெட்டுவிடும் என்பது ஒவ்வொரு டிரைவருக்கும் தெரியும். என் மாணவனின் அப்பாவுக்கும் அந்த வழியில்தான் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது வழி, அயனிப் பரிமாற்றம். 1850-ல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர், உரத்தில் உள்ள அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கால்சியத்தை விடுவதைக் கண்டார்கள். 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர்கள் இந்த வேலையைச் செய்யும் செயற்கைப் பிசினை உருவாக்கினார்கள். உடைந்த கிராமபோன் தட்டின் தூளில்தான் இந்தக் குணத்தை முதலில் கவனித்தார்கள் என்று சொல்வதுண்டு. ஜவ்வரிசி போன்ற சின்னச் சின்ன மணிகள், இரண்டு வகை. ஒரு வகை கால்சியம், சோடியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும். இன்னொரு வகை குளோரைடு போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியைக் கொடுக்கும். கொடுத்த இரண்டும் சேர்ந்தால் என்ன? தண்ணீர்! நான்காம் பெஞ்சில் இருப்பவர்கள் சரியாகச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது வழி, நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுவது. தண்ணீர் போகும், உப்பு பெரும்பாலும் நின்றுவிடும். இது நடைமுறைக்கு வரக் காரணமான சவ்வை 1959 வாக்கில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப். மற்றவர் ஸ்ரீனிவாச சௌரிராஜன். ஆம், இந்தியாவில் பிறந்தவர். வீட்டுக்கு வீடு அவருடைய உழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. 1965-ல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கொடுத்தார்கள். நம் ஊரில் 2010-ல் மீஞ்சூர், 2013-ல் நெம்மேலி என நாளுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. அதே தத்துவம்தான்.

இனி காருக்கு வருவோம். கார் பிறக்கும்போதே இந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறது. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் முன் தகரக் கூட்டைப் பல தொட்டிகளில் முக்கிக் கழுவுவார்கள். கடைசி அலசல் உப்பு நீக்கிய தண்ணீரில். உப்பு தங்கிவிட்டால் அதன் மேல் அடித்த பெயின்ட் பின்னாளில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் கார் தொழிற்சாலைகள் வந்தபோது, இந்தக் 'கடைசி அலசல்' நமக்கு அடுத்த ஊரில் தினசரி வேலையாகிவிட்டது. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம்தான் என் மாணவன் இதைக் கற்றிருக்கிறான். அவன் கடையில் முதலில் ஆர்.ஓ., அடுத்து அந்த மணிகள் நிறைந்த உருளை. ஆர்.ஓ. முன்னால் இருந்தால்தான் மணிகள் சீக்கிரம் தீராது. மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் மணிகளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொரு செய்தி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 2019-ல் கோயம்பேட்டில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதை மேலும் ஆர்.ஓ. செய்து, நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்பும் திட்டம். கொடுங்கையூரிலும் அதே அளவில் ஒன்று. நாம் சாக்கடையில் விட்ட தண்ணீர் உப்பு நீங்கித் தொழிற்சாலைக்குப் போகிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம்.

அதே 2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. நம் தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. அதனால்தான் மாணவனிடம் கேட்டேன்: "குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் காருக்குச் சுத்த நீரா? நியாயமாடா?"

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "முன்னாடி புள்ளி போகணும்னு ரெண்டு தடவை, மூணு தடவை திரும்பத் திரும்பக் கழுவுவோம் டீச்சர். இப்போ ஒரே தடவை. கடைசி அலசலுக்கு அஞ்சு லிட்டர்தான். ஆர்.ஓ.வுல கழிச்சு வெளியே வர்ற தண்ணியைக் கீழே விடறதில்லை. சேறு, மண் போக்குற முதல் கழுவலுக்கு அதுதான். அது காயறதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்திடுவோம்."

வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. இதைக் கண்டித்துத்தான் 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உப்பு 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். ஆகவே நம் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள், வாளி போதும்.

முதல் கழுவலுக்கு ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

நிழலில், காலையில் கழுவுங்கள். சொட்டு காயவிடாதீர்கள்.

கடைசியாக மூன்று நான்கு லிட்டர் நல்ல தண்ணீரைச் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் ஊற்றி, மேலிருந்து கீழாக அடியுங்கள். இதற்குப் பூஜ்யம் தேவையில்லை, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரே போதும்.

மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். முதல் மழையில் மாடி கழுவிப் போனபின், அடுத்த மழைநீரைத் துணியால் வடிகட்டிப் பிடித்து வையுங்கள். சூரியன் காய்ச்சி வடித்த தண்ணீர் அது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதன் அருமை நிலத்தடியில் மட்டும் இல்லை.

இப்போது மிச்சம் உள்ளதைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று மாணவன் கிளம்பும்போது, "உன் அப்பாவை நான் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இருக்கு டீச்சர். நீங்க நிறுத்தினதும், டீச்சரே நிறுத்திட்டாங்கன்னு இன்னும் ரெண்டு வீட்டுல நிறுத்திட்டாங்க. அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்கல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீனிவாசபுரத்துக்குப் போனேன். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பார்வை கொஞ்சம் மங்கல். என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். "உட்காருங்கள் ஐயா. அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. நான் பேசினது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "அய்யோ, அதெல்லாம் எப்பவோ போச்சு டீச்சரம்மா. தண்ணி உப்பு. அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டு மருமகளை டீ போடச் சொன்னார்.

தண்ணீர் உப்பாக இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்காமல் போனதற்கு நான்தான் பொறுப்பு. வகுப்பில் உங்களிடம் "ஏன் என்று கேள், சோதித்துப் பார்" என்று எத்தனையோ முறை சொன்னவள், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டுக் காயவைத்துப் பார்க்கவில்லை. செலவில்லாத சோதனை. பத்து நிமிடம்.

என் பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று கார் வைத்திருக்கிறீர்கள். விடியற்காலையில் அதைத் துடைக்க ஒருவர் வருவார். புள்ளி தெரிந்தால் அவரைக் கோபிக்கும் முன் அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அவர் ஏதாவது காரணம் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். முடிந்தால் கடைசி அலசலுக்கு நாலு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் தெருவில் தண்ணீர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று கீழே எழுதுங்கள். மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு ஆட்கள் கட்டாயம் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதலாம். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் நான்காம் வகுப்பு டீச்சர்,
பட்டினப்பாக்கம்.